மிஸ்ஸி துடைக்கும் முறை

மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று குரல் கொடுக்கிற வழக்கமே கிடையாது. செருப்பைக் கழற்றுவார், நேராக அடுப்படிக்கு வந்துவிடுவார். கூடத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தாலும் சரி, விருந்தாளி இருந்தாலும் சரி, போகிற போக்கில் ஒரு தலையாட்டல்தான். பால் சட்டி மூடியிருக்கிறதா, தண்ணீர்ப் பானை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் கூடம். அப்புறம் வாசல். கிளம்புகிற நேரத்தில்தான், "பசியாறிட்டியா தங்கச்சி?" என்ற விசாரிப்பு வரும். ஊரெல்லாம் வாசலிலிருந்து உள்ளே வரும்; இவர் உள்ளேயிருந்து வாசலுக்குப் போவார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. என் அடுப்படியை இன்னொருத்தி வந்து பார்வையிடுவதா? பிறகு பழகிவிட்டது. பழகியபின் அவர் வராத நாளில் பால் சட்டியை நானே இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மலாக்காவில், காஜா பேராங் பக்கம், ஒரே வீட்டைப் பலகையால் தடுத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் மிஸ்ஸி. வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். நர்ஸ் வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும் எங்கள் பக்கம் மிஸ்ஸிதான் என்றாலும், அந்த வட்டாரத்தில் மிஸ்ஸி என்றால் இவர் ஒருவர்தான். பெயர் இல்லாமலா இருக்கும்? வேதக்காரர், மாதா கோயிலில் வைத்த பெயர் இருந்தது. நான் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது சொல்லவும் வாய் வரவில்லை. நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை.

அவர் பேச்சில் அடிக்கடி வருவது ஒரே பாடம்தான். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒருநாள் படிக்கட்டுத் தகரம் கிழித்து, காலில் ரத்தத்தோடு வந்தார். நான் பழந்துணியை நனைத்து ஓரத்திலிருந்து துடைக்கப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"எத்தன வாட்டி சொல்றது? நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா. வெளிய இருக்கிற அழுக்க உள்ள தள்ளிடாத."

ஒரு பஞ்சு, ஒரு துடைப்பு, தூக்கிப் போடு. அடுத்த பஞ்சு. புண்ணுக்கு மட்டும் இல்லை. என் தையல் மெஷின் கத்தினாலும், வீட்டுக்காரம்மாவின் சுவர்க் கடிகாரம் நின்றாலும் அதே வைத்தியம்தான். கெட்டுப்போன சாமான் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் அழுக்கான சாமான்தான் என்பது அவருடைய கட்சி. திறந்து, உள்ளேயிருந்து துடைத்துக்கொண்டே வெளியே வந்தால் தானாக ஓடும். என்ன கொடுமை என்றால், பெரும்பாலும் ஓடியது.

மனுஷரிடமும் இப்படித்தான். என் தங்கச்சி பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மிஸ்ஸி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "மனசுக்குள்ள என்ன கெடக்கு? மொதல்ல அதச் சொல்லு" என்றார்.

எனக்கு வாய் நீளம். வேண்டாத இடத்தில் நீளும், வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு என்னவோ திறந்துகொண்டது. "நான்தான் மிஸ்ஸி அவள வளைகாப்பு அன்னிக்குப் படக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ புருஷன் வேணாம்னாரு. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னாரு. நான் கேக்கல."

"ரத்தப்போக்குல செத்தா. போட்டோவுல சாகல. நான் பக்கத்துல இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

ஆனால் தங்கச்சி புருஷனுக்கு அதை யார் சொல்லிப் புரியவைப்பது? நல்ல மனுஷன், குடி கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது. பக்கத்து ஊரான செமாபோக்கில் தங்கி வேலை பார்த்தார். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் வந்து பார்ப்பார். எனக்குப் பிள்ளை இல்லை. பாப்பா என் மடியிலேயே வளர்ந்தாள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, என்ன வேணும்னாலும் செய்யுங்க. போட்டோ மட்டும் வேணாம். என் பொண்டாட்டிய அப்படித்தான் வாரிக் குடுத்தேன்." சுவரில் மாலை போட்டிருந்த தங்கச்சி படத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

பாப்பாவுக்கு இரண்டு வயதில் கண் வலி வந்தது. பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. நான் பதறிப்போய் முந்தானையால் தேய்த்துவிட்டேன். அதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மிஸ்ஸி பாப்பாவை மடியில் மல்லாத்தி, வெந்நீரில் நனைத்த பஞ்சால், மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பாகத் துடைத்தார். "கண்ணுக்கும் அதே சட்டம்தான் தங்கச்சி. உள் மூலையிலேர்ந்து வெளிய." அப்போதுதான் நான் கவனித்தேன், பாப்பாவின் இடது கீழ் இமையில் கடுகு அளவில் ஒரு மச்சம். இமை ஒட்டியிருந்ததில் தெரியாமல் இருந்தது, துடைத்ததும் தெரிந்தது.

சுதந்திரம் வருகிறது என்று ஆனதும் வெள்ளைக்காரர்கள் சிலர் வீட்டுச் சாமான்களை லேலோங் போட்டு, ஏலத்தில் விற்றுவிட்டுக் கப்பலேற ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்காரி ஒருத்தியின் லேலோங்கில் மற்ற மிஸ்ஸிமார் பீங்கான் தட்டும் திரைச்சீலையும் எடுத்தார்கள். எங்கள் மிஸ்ஸி ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்கு முந்திய ஜெர்மன் சாமான். யாரும் தொடவில்லையாம், ஏனென்றால் உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூசணம் பிடித்திருந்தது. நம்மூர் ஈரம் எதைத்தான் விட்டது?

"அழுக்குதானே?" என்றார் மிஸ்ஸி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

என் தையல் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஆஸ்பத்திரி இடுக்கியும் பஞ்சும் வைத்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் வரிசையாக எனாமல் தட்டில் அடுக்கினார். மூச்சுக்கூடப் பலமாக விடக் கூடாது. என்னிடம் ஒரே கட்டளை: "கண்ணாடியில மட்டும் வெரல் படக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். முன்பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கழற்றிப் பூசணத்தைத் துடைத்து மாட்டினார். இரண்டு பகல் ஆனது.

அந்தக் கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. பின்பக்கம் உள்ள சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரில் நிற்கும் ஆள் இரண்டாகத் தெரிவார். ஒரு உருவம் அழுத்தமாக, இன்னொன்று நிழலாக. முன்னால் இருக்கிற வளையத்தைத் திருப்பத் திருப்ப நிழல் நகர்ந்து வந்து ஆளோடு ஒட்டும். இரண்டும் ஒன்றானால் படம் துல்லியமாக விழும் என்று அர்த்தம். அந்த நிழல் உருவம் கேமராவின் முன்பக்கம் நட்டநடுவில் இருக்கிற ஒரு சின்ன வட்டக் கண்ணாடி வழியாக வருகிறது என்று மிஸ்ஸி காட்டினார். என்னையும் பார்க்கச் சொன்னார். முற்றத்தில் இரண்டு பாப்பா நின்றார்கள். வளையத்தைத் திருப்பினேன், இரண்டு பேரும் நெருங்கி ஒரே பாப்பாவானார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எடுத்துரட்டுமா? ஒண்ணே ஒண்ணு?" என்றார் மிஸ்ஸி.

"வேணாம் மிஸ்ஸி. அவரு கேட்டுக்கிட்டாரு. பாவம்."

சொன்னது நான்தான். கேமரா முழுசாக, நன்றாக இருந்த அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். மெர்டேக்காவுக்கு, அதான் சுதந்திர நாளுக்கு, ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கட்டியிருந்த வளைவை எடுத்தார், வீட்டுக்காரம்மாவை எடுத்தார், சேவலைக்கூட எடுத்தார். எல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி துல்லியமாக வந்தது. சேவலின் இறகை எண்ணலாம்.

மெர்டேக்கா முடிந்த சில வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி புருஷன் சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாராம். இங்கே இனிமேல் நம் நிலைமை என்ன ஆகுமோ தெரியவில்லையாம். அடுத்த மாதம் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல். பாப்பாவும்தான்.

என்ன சொல்ல முடியும்? பெற்றவர் அவர். பாப்பா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் கேட்பார்கள், அப்போது ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அதுவும் போயிற்று. சின்னப் பிள்ளைக்குப் படம் தேவையில்லை என்று அப்பா பாஸ்போர்ட்டிலேயே பேரை எழுதிவிட்டார்களாம். அவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். படக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. பெண்டஹாராவில் எல்லாக் கடைக்காரரும் அவருக்குக் கூட்டாளி, போதாததற்கு, நடந்ததையெல்லாம் பாப்பாவே அவரிடம் ஒப்பித்துவிடுவாள்.

மிஸ்ஸியிடம் நானே போய்க் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க மிஸ்ஸி. எனக்கு அவ மொகம் வேணும். இமையில இருக்கிற மச்சம் தெரியணும்." மிஸ்ஸி எப்போதும் அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு திரிகிறவர், பாப்பாவுக்கு வித்தியாசமாகத் தெரியாது. சரி என்றார். "நாளைக்கே எடுத்துருவோம்" என்றார்.

நான்தான், "பூஜை முடியட்டும் மிஸ்ஸி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், எனக்கும் பயம். ரத்தப்போக்கு என்று புத்திக்குத் தெரியும். ஆனால் என் தங்கச்சி படம் எடுத்துத்தானே செத்தாள் என்று அடிவயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு நாலு நாள் இருந்தது. சாமி முன்னால் அந்தக் கேமராவையும் வைத்துப் பொட்டு வைத்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு தோஷமும் வராது என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். மிஸ்ஸியிடம் இதைச் சொல்லவில்லை. வேதக்காரர், அவர் சாமானுக்கு நாம் பொட்டு வைக்கிறோம் என்றால் மனசு கோணுமோ என்று ஒரு தயக்கம்.

கேமரா என் வீட்டில்தான் இருந்தது. மிஸ்ஸி ஆஸ்பத்திரியிலேயே சாப்பிடுகிறவர், அவர் பக்கம் அடுப்பு கிடையாது, சுவரெல்லாம் ஈரம். அதனால் கேமராவைத் துணியில் சுற்றி, வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, என் அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருந்தார். பூஜையன்று மிஸ்ஸி வேலையில் இருந்த நேரம் அதை எடுத்தேன். தையல் மெஷின், கத்தரிக்கோல், என் வீட்டுக்காரரின் டிக்கெட் ஓட்டை போடுகிற கருவி, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்தேன். சந்தனம் அரைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நெற்றி எது என்று பார்த்து நடுவில் வைத்துக்கொண்டே வந்தேன். கேமராவுக்கு நெற்றி எது? நட்டநடுவில், பொட்டுக்கென்றே செய்த மாதிரி, அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி.

பாப்பாவின் ஆயுசுக்கு என்று வேண்டிக்கொண்டு, மற்றதற்கு வைத்ததைவிடக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். நடுவில் குங்குமமும் இட்டேன்.

பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் எடுத்து ஈரத்துணியால் துடைத்துத் திரும்ப டின்னுக்குள் வைத்தேன். குங்குமம் போய்விட்டது. சந்தனம் போனதா என்று உற்றுப் பார்க்கவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது.

மிஸ்ஸி வந்து கேமராவைக் கண்ணில் வைத்தவர், எடுத்தார், திரும்ப வைத்தார். "நெழல் காணோமே? ஒரு ஆள்தான் தெரியுது." முன்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். வட்டக் கண்ணாடி வெளேரென்று மங்கியிருந்தது. "பூசணம் திரும்பிருச்சு. உள்ளேர்ந்து வந்திருக்கு."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். மிஸ்ஸி, அது சந்தனம், நான்தான் வைத்தேன், ஒரு தடவை துடைத்தால் போய்விடும். இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் கண்ணாடியில் விரல் படாது என்று சத்தியம் பண்ணியிருந்தேனே. ஐந்து நிமிஷத்தில் அவரே துடைத்துவிடப் போகிறார், எதற்கு வீணாக மாட்டிக்கொள்வது என்று ஒரு கள்ளத்தனம். வாயைப் பூட்டிக்கொண்டேன். பாழாய்ப்போன வாய்!

மிஸ்ஸி வெள்ளைத் துணியை விரித்தார். எனாமல் தட்டை வைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இவர் வெளியிலிருந்து துடைக்கிறவர் இல்லையே.

"மிஸ்ஸி, மொதல்ல வெளிய ஒரு வாட்டி தொடச்சுப் பாருங்களேன்."

"வெளிய தொடச்சா உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கும். ஒனக்கு இது தெரியாது, பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். போன தடவை தொடாத இடத்தையெல்லாம் இந்தத் தடவை தொட்டார். வளையத்தைக் கழற்றினார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை முழுசாகத் திருகி வெளியே எடுத்தார். உள்ளே இருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துத் துடைத்தார். நடுவிலிருந்து வெளியே. மூன்று பகல் போயிற்று. கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து பாப்பாவுக்குப் பயணத்துக்கென்று கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி இரண்டு தடவை உடைந்தது.

எல்லாம் முடிந்து கடைசியில்தான் வட்டக் கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு வந்தார். ஒரு பஞ்சு, ஒரு துடைப்பு. பஞ்சில் மஞ்சளாக ஒட்டியது. "பாத்தியா, எப்படி மஞ்சப் பூசணம்" என்று என்னிடம் நீட்டினார். ஸ்பிரிட் வாசனையில் சந்தன வாசனை அமுங்கிவிட்டது. நான் தலையை ஆட்டினேன்.

திரும்ப மாட்டும்போது குழாய் லேசில் ஏறவில்லை. வைத்தார், எடுத்தார், கொஞ்சம் திருப்பி வைத்தார். கடைசியில் மரை பிடித்து, சுகமாகச் சுற்றிக்கொண்டு ஏறியது. "ஏறிருச்சு!" என்று பெருமூச்சு விட்டார். கண்ணில் வைத்துப் பார்த்தார். நிழல் வந்துவிட்டது. என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பாப்பா, ஒரு பாப்பா. மிஸ்ஸியின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறைதான். என் பொய்யால் ஒன்றும் குடி முழுகவில்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம், வெயில் சாய்கிற நேரத்தில் எடுத்தோம். துணி காய்கிற கொடியில் மிஸ்ஸி வெள்ளைப் படுதாவைத் தொங்கவிட்டார், முன்னால் மூன்று எட்டுத் தள்ளி முக்காலியில் பாப்பா. காற்றில் படுதா உப்பியது. நான் பின்னால் போய் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பாப்பா என்னைத் தேடித் தேடித் திரும்பியதால், படுதாவின் ஓரத்தில் தலையை நீட்டி, "அங்க பாரு, மிஸ்ஸியப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி ஒவ்வொரு தடவையும் வளையத்தைத் திருப்பி, இரண்டையும் ஒன்றாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். எட்டுப் படம் எடுத்தார். ஒன்று கேட்டவளுக்கு எட்டு. பாப்பா சிரித்தாள், முறைத்தாள், காலை ஆட்டினாள், மூக்கில் விரல் விட்டாள்.

மறுநாளே மிஸ்ஸி பிலிமைச் சீனர் கடையில் கொடுத்தார். அங்கே மெர்டேக்காப் படங்களே இன்னும் கழுவாமல் குவிந்து கிடந்ததாம். அடுத்த வாரம் என்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை வெள்ளன பஸ் நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டோம். பாப்பா ஜன்னல் வழியாக, "பெரிம்மா, நீயும் ஏறு" என்றாள். நான் ஏறாததைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் திரும்புகிறவரை அவள் பின்னந்தலைதான் தெரிந்தது. பரவாயில்லை, படம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். வேறு எதைச் சொல்லிக்கொண்டு வந்திருக்க முடியும்?

நாலாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ, "தங்கச்சி" என்று கூப்பிட்டார்கள். யார் என்று எட்டிப் பார்த்தால், மிஸ்ஸி. வெள்ளை உடுப்போடு, கையில் உறையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டு வாசலில் நின்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எட்டுப் படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் படுதா துல்லியம். அதன் நூல் தெரிகிறது, கொடியில் இருக்கிற கவ்வி தெரிகிறது. படுதாவைப் பிடித்திருக்கிற என் விரல் தெரிகிறது, வளையல் தெரிகிறது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற என் முகம் அப்படியே தெரிகிறது. உதடு பிரிந்து, கண் ஈரமாகி, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிற முகம். நான் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. புகைக்குக் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்பு. அதுதான் பாப்பா. மச்சமா? மூக்கே இல்லை.

கடைக்காரர் கேமராவைப் பார்த்துச் சொன்னாராம்: அந்தக் குழாயின் மரைக்கு, திருகு தொடங்குகிற வாய் ஒன்று இல்லை, நாலைந்து. எதில் வைத்தாலும் ஏறிக்கொள்ளும். சரியான வாய் ஒன்றுதான். கழற்றும்போதே ஊசியால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்திருக்க வேண்டும். தப்பான வாயில் ஏறினால் கண்ணுக்கு ஒன்று காட்டும், பிலிமில் வேறொன்று விழும்.

"நாலு வருஷம் வளத்த பிள்ள" என்றார் மிஸ்ஸி. "என் கைதான் கெடுத்துச்சு தங்கச்சி. தெறக்காம இருந்திருந்தா..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் திறந்ததே என்னால்தான். அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், மனசுக்குள்ள என்ன கெடக்கு என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் அன்றைக்கு உள்ளே வரவே இல்லை. "பரவால்ல மிஸ்ஸி, நீங்க என்ன செய்வீங்க" என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் என் ஆயுசில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மிஸ்ஸி மாறிப்போனார். வந்தால் வாசலில் நின்று கூப்பிடுவார், கூடத்தில் உட்காருவார், அங்கிருந்தே போய்விடுவார். என் மெஷின் கத்தியபோது, "கடைக்குக் கொண்டு போயிரு, நம்ம கை வேணாம்" என்றார். வீட்டுக்காரம்மாவின் கடிகாரம் நின்றது நின்றபடியே கிடந்தது. பால் சட்டி மூடியிருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. எனக்குப் பாப்பாவும் போய், மிஸ்ஸியும் போன மாதிரி இருந்தது. ஊரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. வந்து சேர்ந்தோம், பாப்பா சுகம், முதல் வாரம் முழுக்க உங்களைக் கேட்டாள், இப்போது கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். நல்ல சேதிதானே? அதை வைத்துக்கொண்டு அப்படி அழுதேன்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. சந்தனம் அரைத்து, மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து, சாமி வைத்திருந்த மணை முன்னால் வேதக்கார மிஸ்ஸி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் கேமரா.

"நான் இதெல்லாம் நம்புறவ இல்ல" என்றார். "ஆனா ஒரு வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன். நீ எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைக்கிற. போன வருஷம் இதுக்கு வைக்கல. அதனாலதான் இப்படி ஆயிருச்சோ? வச்சு விடு தங்கச்சி."

கேமராவை வாங்கி மணைமேல் வைத்தேன். விரலில் சந்தனம் எடுத்தேன். விரல் நடுவுக்குப் போகவில்லை. வட்டக் கண்ணாடியை விட்டு விலகி, ஓரத்தில், கறுப்புத் தோல்மேல், தயங்கித் தயங்கி ஒரு சின்னப் பொட்டு வைத்தது.

மிஸ்ஸி மெஷினைப் பார்த்தார். நடுவில் பொட்டு. கத்தரிக்கோலைப் பார்த்தார். நடுவில் பொட்டு. டிக்கெட் கருவியைப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் ஏன் நடுவுல வைக்கல?" என்றார்.

அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பி, நுனியில் ஒட்டியிருந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது, சந்தனம் பூசிய அதே கையால் முகத்தைத் தேய்க்கப் போனேன்.

கையில் ஒரு அடி விழுந்தது. உடுப்புப் பையிலிருந்து பஞ்சு எடுத்து, தண்ணீர்ச் செம்பில் நனைத்துப் பிழிந்தார். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஆடாம இரு" என்றார். "உள் மூலையிலேர்ந்து வெளிய."